பழைய ஹூவர் ஜூனியர்: ஓட வைப்பதும், கடலோர ஊரில் கெடாமல் வைப்பதும்

முத்துநகர்வாசி:
1950களின் பிரிட்டிஷ் ஹூவர் ஜூனியர், நின்றவாக்கில் தள்ளும் வேக்குவம் கிளீனர். பெயர்த்தகட்டில் 230/250 வோல்ட், ஏசி/டிசி என்று இருக்கிறது. உடம்பு அலுமினியம். துணி சுற்றிய இரண்டு கோர் வயர். வளைத்தால் உள்ளே ரப்பர் பொடியாக உதிர்கிறது. ஃபேனைக் கையால் சுற்றினால் லேசாகக் கரகரக்கிறது. பையில் பூஞ்சை வாடை. ஊர் தூத்துக்குடி, கடல் பக்கம். தினசரி உபயோகத்துக்கு இல்லை. ஓட வைத்து, அலமாரியில் பத்திரமாக வைக்க ஆசை. ஒரு தடவை பிளக்கில் செருகிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கலாமா?

சீரிஸ்லேம்ப்:
செருகவே செருகாதீர்கள். ரப்பர் உதிர்ந்த வயர், எர்த் இல்லாத உலோக உடம்பு. இரண்டும் சேர்ந்தால் கைப்பிடியிலேயே கரண்ட் வரும்.

முதலில் பையை வீட்டுக்கு வெளியே, என்95 மாஸ்க் போட்டுக்கொண்டு கழற்றுங்கள். உள்ளே வெள்ளை நார் அட்டை மாதிரி இன்சுலேஷன் ஏதும் தென்பட்டால் சுரண்ட வேண்டாம். அந்தக் காலத்துச் சரக்கு, கல்நாராக (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம்.

வயரைச் சுவிட்ச் வரை முழுவதும் மாற்றுங்கள். 0.75 சதுர மி.மீ., மூன்று கோர் ஃப்ளெக்ஸிபிள் போதும். எர்த் வயருக்கு வளைய லக் போட்டு, உடம்பில் பெயின்ட் சுரண்டிய இடத்தில் பல் வாஷர் வைத்து முடுக்குங்கள். பெயின்ட் மேலேயே முடுக்கினால் எர்த் இருந்தும் பயனில்லை. ஃபேஸ் வயர் சுவிட்ச் வழியாகத்தான் போக வேண்டும். வயர் நுழையும் இடத்தில் கிளாம்ப் கட்டாயம். முடிச்சுப் போட்டு ஒப்பேற்ற வேண்டாம்.

ரேடியோ இரைச்சலை அடக்க வைத்த பழைய பேப்பர் கப்பாசிட்டர் இருந்தால் வெட்டி எடுத்துவிடுங்கள். ஈரம் குடித்து, கரண்ட் பட்டதும் புகைவிட்டு வெடிக்கும். அது இல்லாமலும் மோட்டார் ஓடும். வேண்டுமென்றால் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 ரகம் (மெயின் லைனில் போடவென்றே செய்த கப்பாசிட்டர்) மட்டும் போடுங்கள்.

அடுத்து 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷன் தாங்குகிறதா என்று அளக்கும் மீட்டர்). சுவிட்சை ஆன் செய்து, பிளக்கின் ஃபேஸ், நியூட்ரல் முனைகளைச் சேர்த்து, அதற்கும் உடம்புக்கும் இடையே அளவுங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே இருந்தால் ஓட்டக் கூடாது. ஆனால் காயில் போய்விட்டது என்று உடனே முடிவு கட்டவும் வேண்டாம். உங்கள் ஊரில் பாதி நேரம் ஈரம்தான் காரணம். மீதியில் பெரும்பாலும் பிரஷ் (மோட்டாரின் சுழலும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் துண்டு) ஹோல்டரைச் சுற்றிப் படிந்த கார்பன் தூள். தூளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, மோட்டாரை அட்டைப்பெட்டிக்குள் 60 வாட் குண்டு பல்பு பக்கத்தில், அட்டையில் பல்பு படாமல், ஒரு நாள் காயவைத்து மறுபடி அளவுங்கள்.

கடைசியாக 200 வாட் குண்டு பல்புடன் சீரிஸ் போர்டு, அதாவது கரண்ட் பல்பு வழியாகவே மோட்டாருக்குப் போகும்படி கட்டிய போர்டு. மோட்டார் மெல்லச் சுற்றத் தொடங்கி பல்பு சற்று மங்கினால் நல்லது. சுற்றாமல் பல்பு முழுசாக எரிந்தால் ஷார்ட், அல்லது பேரிங் இறுகல். பல்பு எரியவே இல்லையென்றால் எங்கோ அறுந்திருக்கிறது. பிரஷ் ஹோல்டரில் சிக்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முழு வோல்டேஜ் கொடுக்கும்போது 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் பிரேக்கர்) உள்ள லைனில் மட்டும்.

ஃபேனைக் கழற்றிவிட்டு முழு வோல்டேஜில் ஓட்டவே கூடாது. இது சீரிஸ் மோட்டார். லோடு இல்லாவிட்டால் வேகம் ஏறிக்கொண்டே போய் ஆர்மேச்சர் (சுழலும் பாகம்) சுற்று பிய்ந்து வெளியே வரும்.

எண்ணெய்க்கை:
கரகரப்புக்கு டபிள்யூடி-40 அடித்தால் போதுமே?

பேரிங்608:
போதாது. இருக்கிற கிரீஸையும் கரைத்துவிட்டு நாலு நாளில் காய்ந்துவிடும். பால் பேரிங் என்றால் மாற்றுவதே நல்லது. எண் அழிந்திருந்தால் வெர்னியரில் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றையும் அளந்து வாங்குங்கள். பழைய பிரிட்டிஷ் மெஷின் என்பதால் அங்குல அளவாகவும் இருக்கலாம். இரண்டு பக்கமும் இரும்பு மூடி உள்ள இசட்இசட் ரகம், சி3 கிளியரன்ஸ் (உள்ளே சற்றுக் கூடுதல் இடைவெளி). ரப்பர் மூடி வேகத்தில் உரசிச் சூடாகும். கழற்றப் புல்லர் (இழுத்தெடுக்கும் கருவி) பயன்படுத்துங்கள், சுத்தியல் வேண்டாம். ஷாஃப்டில் ஏற்றும்போது உள்வளையத்தை மட்டும் தள்ளுங்கள். வெளிவளையத்தில் அடித்தால் புது பேரிங்கும் அன்றே கரகரக்கும். ஃபேன் நட்டுக்கு மரை எந்தப் பக்கம் என்று பார்க்காமல் பலம் கொடுக்காதீர்கள்.

கார்பன் பிரஷை எடுக்குமுன் எது இடம், எது வலம், எந்த முகம் எந்தப் பக்கம் என்று குறித்துவையுங்கள். 6 மி.மீட்டருக்குக் குறைந்திருந்தால் மாற்றுங்கள். அதே அளவு கிடைக்காவிட்டால் சற்றுப் பெரியதை வாங்கி அரத்தில் தேய்த்துக்கொள்ளலாம். ஹோல்டரில் தன் பாட்டுக்கு வழுக்கி இறங்க வேண்டும். பிறகு பிரஷ் உரசும் செம்பு உருளையான கம்யூட்டேட்டரைச் சுற்றிக் கண்ணாடித்தூள் உப்புத்தாளைச் சொரசொரப்பு பிரஷ் பக்கம் இருக்கும்படி வைத்து, கையால் திருப்பி பிரஷ் முகத்தை வளைவுக்குப் பொருத்துங்கள். எமரி வேண்டாம், அதன் துகள் செம்பில் பதிந்து பிரஷை அரித்துக்கொண்டே இருக்கும். செம்புப் பட்டைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் கார்பன் அடைந்திருந்தால் மூங்கில் குச்சியால் கீறி எடுங்கள்.

ஓடும்போது பிரஷ் முனையில் சின்ன நீலப்பொறி சகஜம். கம்யூட்டேட்டரைச் சுற்றி நெருப்பு வளையம் ஓடினால் உடனே நிறுத்துங்கள், ஆர்மேச்சரில் கோளாறு.

முத்துநகர்வாசி:
நன்றி சார். பையும் உடம்பும்? பீரோவில் பாலிதீன் சுற்றி அந்துருண்டை போட்டு வைக்கலாமா?

அலமாரிக்காரர்:
பாலிதீனும் வேண்டாம், அந்துருண்டையும் வேண்டாம். பாலிதீனுக்குள் ஈரம் சிக்கினால் அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூக்கும். அந்துருண்டை ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும். பழைய பருத்தி வேட்டியால் மூடினால் போதும்.

பையின் உட்பக்க மூலையில் ஈர வெள்ளைத்துணியை அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் துவைக்காமல் தட்டி, நிழலில் காற்றாட விடுங்கள். ஒட்டாவிட்டால் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கையால் அலசலாம். வெந்நீர் வேண்டாம், சுருங்கும். துளித் தூசும் இல்லாமல் வையுங்கள், இல்லையென்றால் கரப்பானும் ராமபாணப் பூச்சியும் குடிவந்துவிடும்.

அலுமினியத்தில் சோடா, காரம் படக்கூடாது. மோட்டாரைக் கழற்றிய பிறகே மெட்டல் பாலிஷ். கறுப்புக் கசடு உள்ளே போகக் கூடாது. மேலே ஒரு கை மெழுகு பாலிஷ் போட்டால் உப்புக்காற்று தாங்கும். பேக்கலைட் பாகங்களுக்கு ஈரத்துணியும் துளி சோப்பும் போதும்.

பெல்ட்டைக் கழற்றித் தனியாக வையுங்கள். மாட்டியே வைத்தால் இழுபட்ட ரப்பரில் ஓசோன் பட்டு விரிசல் விடும். டால்கம் பவுடர் தூவி, ஜிப் கவரில், இருட்டில். வயரைக் கைப்பிடியில் இறுக்கிச் சுற்றாமல் பெரிய வளையமாகத் தொங்கவிடுங்கள். புது வயரின் பிவிசி பிளாஸ்டிக் பாகங்களை மாதக்கணக்கில் தொட்டுக்கொண்டிருந்தால் தழும்பு விழும். நடுவே காகிதம் வையுங்கள்.

அலமாரிக்குள் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருந்தால் நல்லது. மலிவான ஹைக்ரோமீட்டர் ஒன்று, அரைக் கிலோ சிலிக்கா ஜெல். ஜெல் நிறம் மாறினால் 110 டிகிரி அவனில் இரண்டு மணி நேரம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மழைக்காலம் என்றால் மெக்கர் பார்த்த பிறகு, இரண்டு நிமிடம் ஓட்டுங்கள்.

எண்ணெய்க்கை:
இடையில் ஒன்று. அமெரிக்க எலக்ட்ரோலக்ஸ் கிளீனர், 115 வோல்ட், 60 சைக்கிள். இங்கே ஓடுமா?

சீரிஸ்லேம்ப்:
யூனிவர்சல் மோட்டார் (ஏசி, டிசி இரண்டிலும் ஓடுவது), 50 சைக்கிளைப் பற்றிக் கவலை வேண்டாம். வோல்டேஜைக் குறைத்தே ஆக வேண்டும். தகட்டில் உள்ள வாட்டைப் போல ஒன்றரை மடங்கு விஏ (டிரான்ஸ்ஃபார்மர் தாங்கும் அளவு) உள்ள ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள்; 600 வாட் என்றால் 900க்கு மேல். தனித்தனிச் சுற்று உள்ள ஐசொலேஷன் ரகம் கேளுங்கள். மலிவான ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரில் 230 வோல்ட் லைனோடு நேர்த்தொடர்பு அப்படியே இருக்கும். சுவிட்ச் போடும் நொடியில் இழுக்கும் கரண்ட் அதிகம், அதற்குத்தான் அந்த ஒன்றரை மடங்கு.