அடுத்த பாகம் எப்போது வரும்?

முகில்: ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' ஃபேன்டஸி நாவல் தொடரில் ஐந்தாம் பாகம் வந்தது 2011இல். ஆறாவது இன்னும் வரவில்லை. முதல் மூன்று பாகங்களை 1996க்கும் 2000க்கும் இடையில் வெளியிட்டவர்தான் இவர். முடியாதவர் இல்லை, எழுத உட்காரவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

பழுப்புத்தாள்: உட்கார்ந்துதான் மாட்டிக்கொண்டார். மூன்றாம் பாகத்துக்கு அப்புறம் கதையில் ஐந்து வருடம் தாண்டி, சிறுவர்கள் வளர்ந்த பிறகு தொடரலாம் என்று திட்டம். எழுதிப் பார்த்தால் நடந்ததைத் திரும்பிச் சொல்வதிலேயே பக்கங்கள் போயின, தூக்கிப் போட்டுவிட்டார். அடுத்த சிக்கல், கதையில் வரும் மீரீன் நகரம். அங்கே ஆளாளுக்கு ஒரு திசையிலிருந்து வருகிறார்கள். யார் முதலில் வருவது, யார் வரும்போது அந்த நகரை ஆளும் டேனெரிஸ் என்ன நிலைமையில் இருப்பது என்று ஒன்றை நகர்த்தினால் மற்றதெல்லாம் குலைகிறது. பாரிஸ்டன் என்ற வயதான வீரரின் பார்வையில் சில அத்தியாயங்கள் எழுதிய பிறகுதான் முடிச்சு அவிழ்ந்தது. தனி நாவல் என்றால் முதல் அத்தியாயத்துக்கே போய்த் திருத்தலாம். இங்கே அது என்றோ அச்சாகிவிட்டது.

முகில்: சரி, இன்னொரு ஃபேன்டஸி எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன்? 'ஸ்டார்ம்லைட்' தொடரில் 2010, 2014, 2017, 2020, 2024 என்று ஐந்து தடிமனான பாகங்கள். எழுத்தாளர் ராபர்ட் ஜோர்டான் 2007இல் இறந்தபோது பாதியில் நின்ற அவருடைய 'வீல் ஆஃப் டைம்' தொடரையும் நடுவில் மூன்று புத்தகங்களாக முடித்துக் கொடுத்தார். எவ்வளவு எழுதியாயிற்று என்று தன் தளத்தில் சதவீதம் வேறு போடுகிறார்.

தேன்சிட்டு: அவருக்கும் ஒரு பாகத்துக்கு மூன்று நான்கு வருடம் ஆகிறதே! அதுவும் முடிவை முன்னாலேயே வகுத்துக்கொண்டு எழுதுகிறவருக்கு. மார்ட்டின் தன்னைத் தோட்டக்காரர் என்று சொல்லிக்கொள்பவர், விதைத்துவிட்டு எது எப்படி முளைக்கிறது என்று பார்ப்பவர். அவரிடம் சதவீதம் கேட்டால் என்ன சொல்வார்?

முகில்: சதவீதம் வேண்டாம், தேதியும் சொல்லாமல் இருக்கலாமே. 2005இல் நான்காம் பாகத்தின் கடைசிப் பக்கங்களில், அடுத்தது மறு வருடம் வரும் என்று நம்புவதாக அவரே எழுதினார். அதை நம்பி நான்கையும் மறுபடி படித்தேன், யார் எந்தக் குடும்பம் என்று பின்னட்டையின் உள்பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டு. புத்தகம் வருவதற்குள் பென்சில் எழுத்தே மங்கிவிட்டது. இப்போது முடியாத தொடர் எதையும் நான் தொடுவதில்லை.

பழுப்புத்தாள்: தேதி சொன்னது தப்பு, அதில் நான் உங்கள் பக்கம். ஆனால் 2006இல் அவசரமாக வந்திருந்தால் பாரிஸ்டன் அத்தியாயங்கள் இருந்திருக்குமா என்பது சந்தேகம். அந்தக் கிழவர் இல்லாத புத்தகம் எனக்கு வேண்டாம்.