கிணத்துத் தண்ணியும் கறுப்பு அக்சியோவும்

கறுப்புக் கார் வாங்காதை எண்டு மச்சான் படிச்சுப் படிச்சுச் சொன்னவர். நான் கேக்கேல்லை. 2020 பங்குனியிலை வாகன இறக்குமதியை நிப்பாட்டினாப் பிறகு நிண்டது நடந்தது எல்லாத்துக்கும் யானை விலை. அதுக்குள்ளை கைக்கு அம்பிட்டது 2007ஆம் ஆண்டு ரொயோட்டா அக்சியோ ஒண்டு. கொழும்பிலை ஓடின கார். இணுவிலுக்குக் கொண்டுவந்து முற்றத்திலை விட்ட அண்டு, வேலிப் பூவரசு இலை இலையாக் கதவிலை தெரிஞ்சுது.

ரண்டு மாசத்திலை அந்த மினுக்கம் போட்டுது. களவெடுத்தது எங்கடை கிணறு.

எங்கடை நிலத்துக்குக் கீழை சுண்ணாம்புக் கல்லு. தண்ணி காய்ச்சுற கேத்திலுக்குள்ளை வெள்ளையாப் படையிறதைப் பாத்திருப்பியள், அதுதான் பொனெற்றிலையும் படையிறது. நான் பாத்த வேலை என்னெண்டால், காண்டாவன வெயிலிலை, பன்ரண்டு மணிக்கு, மோட்டரைப் போட்டுக் கழுவிப்போட்டு அப்பிடியே காய விட்டிட்டுச் சாப்பிடப் போனது. தகடு கொதிக்குது. துளி நிண்ட இடத்திலேயே வத்திப்போக, சுண்ணாம்பு மட்டும் வட்டமா மிஞ்சியிருக்கு. வந்து பாத்தால் கார் முழுக்க அம்மைத் தழும்பு.

துடைச்சன், போகேல்லை. நகத்தாலை சுரண்டினன். பிறகு குசினிக்குப் போய்ச் சட்டி தேய்க்கிற பச்சை ஸ்பொஞ்சை எடுத்துக்கொண்டு வந்தனான். மனுசி வாசலிலை நிண்டு, "அது அடிப்பிடிச்ச சட்டிக்கெல்லே?" எண்டு கேட்டவ. நான் பெரிய ஆள் மாதிரிப் பதில் சொல்லேல்லை. வட்டம் கொஞ்சம் போனதுதான். ஆனால் இரவு போன் ரோர்ச்சை அடிச்சுப் பாத்தால் சிலந்தி வலை மாதிரிக் கீறல்.

இவ்வளவோடை விட்டிருந்தால் காசு மிஞ்சியிருக்கும். கீறலுக்குக் கொம்பவுண்ட் எண்டாங்கள், பெயின்ற்றைத் தேய்ச்சு மட்டமாக்கிற பசை. வாங்கினன். மெசினுக்கு எங்கை போறது? மச்சான் மேசன் வேலை, கல்லு வெட்டுற கிரைண்டர் வைச்சிருக்கிறார். அதிலை கம்பளித் தொப்பி ஒண்டைப் பூட்டிப்போட்டன். பொலிஷ் மெசின் நிமிசத்துக்கு 600இலை இருந்து 3000 சுத்து மட்டிலை சுத்தும். இந்தக் கிரைண்டர் 11000. இது எனக்குப் பிறகுதான் தெரியும்.

முதல் ரண்டு நிமிசம் உண்மையாவே நல்லா வந்தது, அதுதான் ஏமாத்தினது. பொனெற்றின்ர இடப்பக்க மடிப்பிலை கை ஒரு கணம் கூட நிண்டுபோச்சு. பிளாஸ்ரிக் கருகிற மணம். நிப்பாட்டிப் பாத்தால் கம்பளி கறுத்திருக்கு. மடிப்பிலை சுண்டுவிரல் நீளத்துக்குச் சாம்பல் நிறக் கோடு. மேலை இருக்கிற நிறமில்லாப் பூச்சு, கிளியர் கோட் எண்டுறது, அதுக்குக் கீழை கறுப்பு, ரண்டும் போய் அடிப்பூச்சு தெரியுது. கிளியர் கோட் எண்டது 40, 50 மைக்ரோன்தான், தலைமயிரைவிட மெல்லிசு. விளிம்பிலையும் மடிப்பிலையும் அதைவிடக் குறைவாத்தான் நிக்கும்.

கராச்சிலை பொனெற் முழுக்க அடிக்க வேண்டி வந்தது. ஆனால் அந்தப் பெயின்ற் பாஸ் ஐயா நல்ல மனுசன். சிரிக்கேல்லை. "புதுப் பெயின்ற்றுக்கு ஒரு மாசம், ரண்டு மாசம் வக்ஸ் பூசாதை தம்பி, அது மூச்சு விடவேணும்" எண்டார். பிறகு என்ர கையைப் பிடிச்சு வெயிலிலை நிண்ட வேறை ஒரு காரிலை வைச்சார். "உள்ளங்கையை வைச்சிருக்க ஏலுதோ? ஏலாட்டி அண்டைக்கு வேலை இல்லை."

இப்ப என்ர முறை இதுதான். விடிய ஆறு மணிக்கு, மாமரத்துக்குக் கீழை இல்லாமல் கொட்டிலுக்குள்ளை. ரண்டு வாளி, ஒண்டிலை சம்பூ, மற்றது துணி அலச. அலசின வாளிக்கு அடியிலை ஒருக்காக் கையை விட்டுப் பாருங்கோ, செம்பாட்டு மண் நறநறக்கும். முந்தி அதைத்தான் நான் ஒரே வாளியிலை வைச்சுக் கார் முழுக்கத் தேய்ச்சிருக்கிறன். சுண்ணாம்பு வட்டத்துக்கு விநாகிரியும் தண்ணியும் சரிபாதி, துணியிலை நனைச்சு ஒரு நிமிசம் ஒத்தி உடனை கழுவ வேணும். கழுவினாப் பிறகு கையைப் பொலித்தீன் பைக்குள்ளை விட்டுத் தடவிப் பாருங்கோ, கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பெல்லாம் விரலிலை தெரியும். அதுக்குத்தான் கிளே எண்ட களிக்கட்டி, சம்பூத் தண்ணி விட்டு வழுக்க விடுறது. நிலத்திலை விழுந்தால் எறிஞ்சுபோடுங்கோ, கழுவி எடுக்கலாம் எண்டு நினைக்காதையுங்கோ, ஒரு மண் போதும்.

மெசின் இப்ப டி.ஏ., டூவல் அக்சன் எண்டுறது. தட்டு சுத்திக்கொண்டே ஆடும், ஒரே இடத்திலை சூடு ஏறுறது குறைவு. விளிம்புக்கெல்லாம் மாஸ்கிங் ரேப். ஒண்டரை அடிச் சதுரம் எடுத்து, எல்லாத்திலும் மெல்லிசான பொலிஷை முதல் போட்டுப் பாக்கிறது. அதிலேயே முக்கால்வாசி போகுது. மிச்சக் கீறலை நான் விட்டிட்டன். ஆழமானதை எடுக்கப் போனால் சுத்தியிருக்கிற கிளியர் கோட்டையும் அதின்ர அளவுக்குச் சீவ வேணும். கடைசியா வக்ஸ் மெல்லிசா.

உங்கடை கதையளையும் போடுங்கோ.

*

சாவகச்சேரியிலிருந்து:

அண்ணை, கிரைண்டரை வாசிக்கவே நெஞ்சு பதறுது. எங்கடை அப்பாவிட்டை மொறிஸ் மைனர் ஒண்டு இருந்தது, பச்சை. பொருளாதாரத் தடை நேரம் மண்ணெண்ணெயிலை ஓடினது, ஸ்ராட் எடுக்க மட்டும் ரண்டு சொட்டுப் பெற்றோல். அந்த நேரம் பொலிஷுக்கு எங்கை போறது? பற்பொடியைத் தண்ணியிலை குழைச்சு, கிழிஞ்ச வேட்டித் துண்டாலை வட்டம் வட்டமாத் தேய்ப்பார். துணி பச்சையா மாறும். பெயின்ற் கழருது எண்டு நான் கத்தினனான், எனக்கு எட்டு வயசு. "செத்த பெயின்ற் போகுது, உயிரோடை இருக்கிறது உள்ளை இருக்கு" எண்டார்.

அது சரிதான். பழைய கார்களிலை கிளியர் கோட் இல்லை, கலரே மேலை நிக்கும், வெயிலிலை மாவாகும், அந்த மாவைத்தான் துடைச்சவர். உங்கடை காரிலை துணி கறுத்தது வேறை கதை. இப்பத்தையக் காரிலை துணியிலை கலர் ஒட்டினால் பெரும்பாலும் கிளியர் கோட் போட்டுது எண்டுதான் அர்த்தம்.

இன்னொண்டு. தேங்காயெண்ணெய் பூசினால் மினுங்கும் எண்டு சித்தப்பா ஒருக்காப் பூசினவர். பின்னேரம் வரைக்கும் கலியாணக் கார் மாதிரி இருந்தது. அடுத்த நாள் சோளகம் அடிக்க, ஏ9 றோட்டுப் புழுதி முழுக்க எங்கடை காரிலை.

*

வட்டுக்கோட்டையிலிருந்து:

எங்கடை வெள்ளை வாகன்-ஆர் காருக்கு ஆயுத பூசையண்டு அம்மா பொனெற்றிலை சந்தனமும் குங்குமமும் வைச்சவ. சின்னப் பொட்டு இல்லை, திரிசூலம். கழுவினால் சாமிக் குற்றம் எண்டு ஒரு கிழமை விட்டம். பிறகு கழுவ மஞ்சளும் சிவப்புமா நிழல் ஒண்டு அப்பிடியே நிக்குது. மஞ்சள் வெயிலிலை நிண்டு தன்ர பாட்டிலை வெளுத்துப்போச்சு. குங்குமச் சிவப்புக்குத்தான் பொலிஷ் தேவைப்பட்டது. இப்ப பொட்டு முன்கண்ணாடியிலைதான். அம்மாவுக்கு அது அவ்வளவு பிடிக்கேல்லை, ஆனாலும் வைக்கிறா.

அண்ணை, ஒரு கேள்வி. எவ்வளவு மினுக்கினாலும் கடைசியாக் கழுவுறது அதே கிணத்துத் தண்ணியெல்லே? திரும்பவும் வட்டம் வராதோ?

*

இணுவிலிலிருந்து, திரும்பவும்:

வரும் தம்பி, காய விட்டால். மைக்ரோபைபர் துணியாலை உடனை ஒத்தி எடுக்கவேணும். மாரியிலை பிரச்சினை இல்லை, பீலித் தண்ணியைக் கிடாரத்திலை பிடிச்சு வைச்சு அதாலை கடைசி அலசல். கோடையிலை நான் கண்டுபிடிச்சது ஏசித் தண்ணி. அறைக்கு வெளியிலை குழாயாலை வடியுது பாருங்கோ, அதிலை சுண்ணாம்பு இல்லை. ஒரு இரவுக்கு ஒரு சின்னக் கான் நிரம்பும், பொனெற்றுக்கும் கூரைக்கும் போதும்.

போன கிழமை மாமா வந்தவர். விறாந்தையிலை இருந்த கானைத் திறந்து, "தெளிஞ்ச தண்ணியாக் கிடக்கு" எண்டு செம்பிலை வாத்துப்போட்டார். நல்ல காலம், மனுசி கண்டவ. இப்ப அதிலை பெரிய எழுத்திலை "கார்" எண்டு எழுதி வைச்சிருக்கு.