துவாலு - ஆஸ்திரேலியா ஒப்பந்தம்: புகலிடமா, அடகா?

உப்புக்காற்று:
பசிபிக் தீவு நாடான துவாலுவின் மக்கள் ஆஸ்திரேலியாவில் குடியேற இந்த ஒப்பந்தம் வழி திறக்கிறது, யாருக்கு இடம் என்பது குலுக்கலில். 2025-இல் நடந்த முதல் குலுக்கலுக்குக் குடும்பத்தினரையும் சேர்த்து 8,000-க்கும் மேற்பட்டோர் பதிவு செய்தார்கள். நாட்டின் மக்கள்தொகையே ஏறக்குறைய 11,000தான். ஆண்டுக்கு 280 பேருக்கு ஆஸ்திரேலியாவில் நிரந்தர வசிப்புரிமை கிடைக்கும். இதைக் கருணை என்று பத்திரிகைகள் கொண்டாடுகின்றன. பதிலுக்குத் துவாலு எழுதிக் கொடுத்தது என்ன என்று பாருங்கள். பாதுகாப்பு, காவல்துறை, துறைமுகம், தொலைத்தொடர்பு, மின்சாரம் என எதிலும் வேறொரு நாட்டோடு பாதுகாப்பு சார்ந்த ஏற்பாடு செய்துகொள்ள வேண்டுமென்றால் ஆஸ்திரேலியாவின் ஒப்புதல் வேண்டும். நான்காம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. 1978-இல் பிரிட்டனிடமிருந்து பெற்ற சுதந்திரத்தில் மிச்சம் எவ்வளவு?

மணல்திட்டு:
நான்காம் பிரிவை மட்டும் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. கடல் மட்டம் உயர்ந்து நிலம் போனாலும் துவாலு ஒரு நாடாகவே நீடிக்கும் என்று அதே ஒப்பந்தம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. பன்னிரண்டு மாத முன்னறிவிப்புக் கொடுத்து எந்தத் தரப்பும் விலகிக்கொள்ளலாம். ராணுவமே இல்லாத நாடு, பேரிடரிலும் படையெடுப்பிலும் தான் கேட்டால் உதவிக்கு வர ஒருவரை வைத்துக்கொள்வது அடகு ஆகுமா?

வரைபடப்பிரியன்:
இருவருமே துவாலு மூழ்குகிறது என்பதை மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டு பேசுகிறீர்கள். ஆக்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வான்வழிப் படங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் ஒப்பிட்டு 2018-இல் வெளியிட்ட முடிவு வேறு. 1971 முதல் 2014 வரை துவாலுவின் நிலப்பரப்பு 2.9 விழுக்காடு கூடியிருக்கிறது, அதாவது 73.5 ஹெக்டேர். பவளத் துகள்களையும் மணலையும் அலையே கொண்டுவந்து கரையில் சேர்க்கிறது. இதையும் கணக்கில் எடுங்கள்.

மணல்திட்டு:
எடுத்தாயிற்று, நண்பரே. மணல் சேர்வதால் குடிக்கத் தண்ணீர் கிடைத்துவிடுமா? அங்கே ஆறு கிடையாது. கூரையில் விழும் மழை தொட்டியில் சேர்ந்தால்தான் தண்ணீர். 2011-இல் மழை பொய்த்தபோது நெருக்கடி நிலையே அறிவித்தார்கள். அங்கே புலாக்கா என்றொரு கிழங்கு உண்டு, நம் சேம்பின் இனம். நிலத்தடி நன்னீர் எட்டும் வரை பள்ளம் தோண்டி, தழை உரம் இட்டு வளர்ப்பார்கள். அந்தப் பள்ளத்தில் அடியிலிருந்து உப்புநீர் ஊறினால் கிழங்கு அழுகுகிறது. படத்தில் இதெல்லாம் தெரியாது.

தலைநகரத் தீவான ஃபொங்காஃபாலேயின் அகலமான பகுதியை விமான ஓடுதளம் அடைத்துக்கொண்டிருக்கிறது. 1943-இல் அமெரிக்கப் படை தென்னைகளை வெட்டிப் போட்டது அது. மாலையில் அதன் மேல்தான் கால்பந்து, கைப்பந்து எல்லாம். விமானம் வரும்போது சங்கு ஊதினால் எல்லோரும் ஒதுங்க வேண்டும். ஆட வேறு வெளி இல்லாத ஊர் அது. ஓடுதளத்துக்காக மண் எடுத்த குழிகள் 2015-இல்தான் தூர்க்கப்பட்டன. ஏழு பத்தாண்டுகள் அவற்றின் ஓரத்தில் குப்பையோடு குடியிருந்தார்கள்.

உப்புக்காற்று:
தண்ணீர்ப் பஞ்சத்தை நான் மறுக்கவில்லை. ஆள் போய்விட்டால் நாடு எங்கே என்று கேட்கிறேன். நியூசிலாந்துக் குடியுரிமை உள்ள பசிபிக் தீவான நியூவேயைப் பாருங்கள். தீவில் இருப்பவர்கள் இரண்டாயிரத்துக்கும் குறைவு. நியூசிலாந்தில் அந்த இனத்தவர் முப்பதாயிரத்துக்கும் மேல். கதவைத் திறந்து வைத்தால் முதலில் வெளியேறுவது படித்த இளைஞர்கள்தான்.

இன்னொன்று, மக்களைக் கேட்டார்களா? 2023 நவம்பரில் குக் தீவுகளின் ராரோடோங்காவில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிரதமர் கௌசியா நட்டானோ, 2024 ஜனவரி தேர்தலில் தன் தொகுதியிலேயே தோற்றார். முன்னாள் பிரதமர் எனெலே சோபோவாகா ஒப்பந்தத்தைக் கிழித்தெறிய வேண்டும் என்றே பேசினார்.

மணல்திட்டு:
தோற்றவரை மட்டும் சொல்கிறீர்களே, பிறகு வந்தவர் என்ன செய்தார்? ஃபெலெட்டி டியோவின் அரசு, கலந்தாலோசனையும் வெளிப்படைத்தன்மையும் போதவில்லை என்று பட்டவர்த்தனமாகச் சொல்லியது. சொல்லிவிட்டு, 2024 ஆகஸ்டில் அதே ஒப்பந்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அந்த நாடாளுமன்றத்தில் கட்சிகளே இல்லை. எட்டுத் தொகுதி, தொகுதிக்கு இருவர், மொத்தம் பதினாறு பேர். தேர்தல் முடிவில் ஒப்பந்தத்தைத் தேடுவதைவிட, எந்தத் தீவுக்காரருக்கு எந்தத் தீவில் உறவு என்று தேடினால் விடை சீக்கிரம் கிடைக்கும்.

வரைபடப்பிரியன்:
வசிப்புரிமை பெற்றவர்கள் போய்வரத் தடையில்லை. அதையும் சேர்த்துப் பேசுங்கள். வெளிநாட்டுக் கப்பல்களில் வேலை பார்த்து வீட்டுக்குப் பணம் அனுப்பிய மாலுமிகளின் நாடு அது. வெளியே போவது அவர்களுக்குப் புதிதல்ல.

உப்புக்காற்று:
மாலுமி தனியாகப் போனான், திரும்பினான். இது குடும்பத்தோடு போவது. அது இருக்கட்டும், நேரடியாகக் கேட்கிறேன். தைவானை அங்கீகரிக்கும் சில நாடுகளில் துவாலுவும் ஒன்று. நாளை தன் காவல்படைக்குத் தைவானிடம் பயிற்சி பெற நினைத்தால் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

மணல்திட்டு:
கான்பெராவிடம். சந்தேகமே இல்லை. அந்த வரியைத் திருத்தச் சொல்லுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். அதற்காக, 25 ஆஸ்திரேலிய டாலர் கட்டிக் குலுக்கலில் பெயர் கொடுத்த குடும்பங்களை நாட்டை விற்றவர்கள் என்று எழுதாதீர்கள்.