வேடன் வேஷம் எனக்கு. வள்ளியோ ஒத்திகைக்கே வரமாட்டாராம்

கேட்பவர்: கிளை அஞ்சல்காரன், மேலூர் பக்கம்

எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் மதுரைக்குப் போய் நாடகத்துக்கு ஆட்களைப் பேசிவிட்டு வருவது வழக்கம். இந்தப் பங்குனிக்கு, "நம் ஆட்களே வேஷம் கட்டினால் என்ன?" என்று டீக்கடையில் யாரோ கிளப்பிவிட்டார்கள். ஊர்க்கூட்டத்தில் அதுவே முடிவாகிவிட்டது. நாடகம் வள்ளி திருமணம். நாரதர், ரேஷன் கடையில் எடை போடுபவர். நம்பிராஜன், டிராக்டர் வைத்திருப்பவர். யானைக்குக் கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர், முன்னங்கால் யார் என்று இன்னும் சண்டை. வேடனாக வரும் முருகன் நான்தான். வயது 46, தொப்பை உண்டு. மார்கழி பஜனையில் முன்வரிசையில் நின்று பாடுவேன், அதைத் தவிர வேறு தகுதி கிடையாது.

வள்ளிக்கு மட்டும் தொழில்முறை ஸ்திரீபார்ட், அதாவது கதாநாயகி வேஷக்காரர் ஒருவரைப் பேசியிருக்கிறோம். ஆர்மோனியம், மிருதங்கம், பலவகைத் தாள, ஒலிக் கருவிகள் வாசிக்கும் ஆல்ரவுண்ட் மூன்றும் வெளியூர்தான். ஒத்திகைக்கு எந்த ஞாயிற்றுக்கிழமை வசதி என்று அந்த அம்மாவைத் தொலைபேசியில் கேட்டேன். "ஒத்திகையா?" என்று சிரித்துவிட்டு, நாடகத்தன்று இரவு ஒன்பது மணிக்கு வந்துவிடுவதாகச் சொன்னார்.

எனக்கு இரண்டு பயம். ஒன்று, அவர் ஐந்து கட்டையில், அதாவது மிக உயர்ந்த சுருதியில் பாடுகிறவராம். நான் ஒரு கட்டையைத் தாண்டினால் தொண்டை கிழிகிறது. இரண்டாவது, தர்க்கம், அதாவது வேடனும் வள்ளியும் மேடையில் மாறி மாறிச் செய்யும் வாக்குவாதம். நோட்டில் 22 பக்கம் எழுதி, தபால் முத்திரை குத்தும்போதெல்லாம் உருப்போடுகிறேன். வீட்டில் என் மனைவிதான் வள்ளி. தோசையைத் திருப்பிக்கொண்டே கேள்வி கேட்பார். அதில் ஒரு சொல் மாறினாலும் எனக்கு அடுத்த வரி வருவதில்லை. முன்பின் தெரியாத ஒருவரோடு விடிய விடிய எப்படித் தர்க்கம் செய்வது?

பதில்: பெட்டிக்காரர்

தம்பி, முப்பது வருடமாக ஆர்மோனியப் பின்பாட்டு எனக்குப் பிழைப்பு. முதலில் சுருதிக்கு வருவோம்.

ஐந்து கட்டை என்பது சாமி கொடுத்த சட்டம் இல்லை. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய சபையில் நடித்தவர்கள் சிறுவர்கள். குரல் உடையாத பையனுக்கு அந்தச் சுருதி இயல்பாக வரும். ஒலிபெருக்கியும் கிடையாது, கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமானால் மேலே போய்த்தான் ஆக வேண்டும். வளர்ந்த பிறகும் அந்த உயரத்தில் நின்றவர் நாடக நடிகர் எஸ். ஜி. கிட்டப்பா. அவரைப் பார்த்து எத்தனையோ பேர் தொண்டையைக் கெடுத்துக்கொண்டார்கள். உங்களுக்கு மைக் இருக்கிறது, அந்த வம்பு எதற்கு?

பெட்டியில் ஒன்று கட்டைக்குப் பஞ்சமம், அதாவது 'ப' சுரம் எதுவென்று பாருங்கள். ஐந்து கட்டைதான். அந்த இரண்டு கட்டைகளையும் நான் சேர்த்துப் பிடித்தால் அது அவருக்கும் சுருதி, உங்களுக்கும் சுருதி. அவர் ஐந்தில் பாடி முடிக்கட்டும். நீங்கள் ஒன்றில் எடுங்கள். கேட்கிறவருக்குச் சுருதி மாறியதாகவே தோன்றாது. உங்கள் ஊருக்கு வரும் பெட்டிக்காரரிடம் முன்னதாகவே சொல்லிவைத்துவிடுங்கள். மேடையில் ஏறிய பிறகு சைகை காட்டினால் எங்களுக்கும் கோபம் வரும்.

இன்னொன்று. நான்கு விருத்தம் கைவசம் வைத்திருங்கள். விருத்தத்துக்குத் தாளம் கிடையாது, அதனால் தாளம் தப்பவும் வழியில்லை. வழி தெரியாமல் நிற்கும்போது ஒரு விருத்தத்தை எடுத்தால் யோசிக்க இரண்டு நிமிடம் கிடைக்கும்.

பதில்: தேனி நாரதர்

சார், அந்த நோட்டைத் தூக்கிப் பரண்மேல் போடுங்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் நானும் உங்களைப் போல வரிக்கு வரி மனப்பாடம் செய்துகொண்டு போனேன். வந்த வள்ளி என் ஏழாம் பக்கத்துக் கேள்வியை எடுத்த எடுப்பிலேயே கேட்டுவிட்டார். நான் முதல் பக்கத்துப் பதிலைச் சொன்னேன். "சுவாமி, நான் கேட்டது வேறு" என்றார். மறுபடியும் அதே பதிலைச் சொன்னேன். சனம் விசில் அடித்தது. மூன்றாவது தடவை அந்த அம்மாவே என் பதிலையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, "அப்படித்தானே சுவாமி?" என்றார். தலையாட்டினேன். இன்றும் ஊரில் எனக்குப் பெயர் தலையாட்டி நாரதர்.

கதை தெரிந்தால் போதும். மானைத் தேடி வந்த வேடன், தினைப்புனம், பெண் யார், ஊர் எது, பேர் எது. ஊர் எதுவென்று நிச்சயம் கேட்பார்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே அழகர்மலைமேல் பழமுதிர்சோலை இருக்கிறது. அதைச் சொல்லிப் பாருங்கள், கைதட்டலைக் கேளுங்கள்.

பதில்: பழைய வள்ளி

நான் பதினெட்டு வருடம் வள்ளி வேஷம் கட்டியவள். இப்போது முழங்கால் வலி, வீட்டோடு இருக்கிறேன்.

ஒத்திகைக்கு வராதது திமிர் இல்லை, தம்பி. ஸ்பெஷல் நாடகத்தில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகத்தான் பேசுவார்கள். திருவிழாக் காலத்தில் ஒரே வாரத்தில் நான்கு ஊர், நான்கு முருகன். ராஜபார்ட், அதாவது கதாநாயகன் யார் என்பதே சில நாள் ஒப்பனை போடும்போதுதான் தெரியும். எங்களுக்கும் கதையும் பாட்டும்தான் பாடம். மற்றதெல்லாம் எதிரில் நிற்பவர் வாயிலிருந்து வருவது. அவர் பேசி முடிக்கும் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்தே உங்கள் பதிலைத் தொடங்கலாம். நான் அப்படித்தான் பிழைத்தேன்.

சொல்லக் கசப்பாக இருந்தாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உள்ளூர் ஆட்களோடு நடிப்பதென்றால் எங்களுக்கும் பயம்தான். வேடன் வள்ளியின் கையைப் பிடிக்கும் இடம் ஒன்று வரும். அதற்காகவே ஒரு குவளை ஏற்றிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பிடித்த கையை விடமாட்டார்கள். கீழே நண்பர்கள் கூச்சல் போடுவார்கள். நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்று எழுத்திலேயே தெரிகிறது. இருந்தாலும் அவர் வந்து இறங்கியதும் போய், "அம்மா, அந்த இடத்தை எப்படி வைத்துக்கொள்வோம்?" என்று கேட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு அவரே உங்களைக் கரையேற்றிவிடுவார். ஒப்பனைக்குக் கதவுள்ள ஓர் அறையும் ஏற்பாடு செய்யுங்கள். படுதா மறைப்பு வேண்டாம்.

மறுபடியும் கேட்டவர் (நாடகம் முடிந்து நான்கு நாள் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. குரல் இன்னும் திரும்பவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஒப்பனைக்குப் பள்ளிக்கூடத்து அறையைத் திறந்துவிட்டோம். கையைப் பிடிக்கும் இடத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று கேட்டேன். அந்த அம்மா என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "முந்தானை நுனியைப் பிடியுங்கள், அது போதும்" என்றார். பிறகு பெட்டிக்காரரை அழைத்து, "அண்ணனுக்கு ஒன்றில் கொடுங்கள்" என்று அவரே சொல்லிவிட்டார்.

நான் மேடை ஏறியபோது மணி ஒன்றரை. மானைக் கண்டீர்களா என்று கேட்டேன். பழமுதிர்சோலை என்றேன், தேனிக்காரர் சொன்னபடியே கைதட்டல். அதுவரை நோட்டில் உள்ளதுதான். பிறகு, "வேடரே, உம்மைப் பார்த்தால் வேட்டையாடுகிறவர் மாதிரி தெரியவில்லையே, உண்மையில் தொழில் என்ன?" என்று கேட்டார். என் வேலையை அவருக்கு யார் சொன்னது என்று இன்றுவரை தெரியவில்லை, பபூன்மேல்தான் சந்தேகம். எனக்கு வாய் அடைத்துவிட்டது. முன்வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்த என் மனைவி முகத்தை மூடிக்கொண்டார். பெட்டிக்காரர் சுருதியைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். விருத்தம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. கடைசிச் சொல் 'என்ன'. அதைப் பிடித்துக்கொண்டு, "என்ன தொழில் என்றா கேட்கிறாய்? உன் பெயருக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது, முகவரி தேடித்தான் காடு மேடெல்லாம் அலைகிறேன்" என்றேன்.

ஊரே சிரித்தது. "யார் போட்ட கடிதம்?" என்றார். "உன் மாமன்" என்றேன். "தபால்தலை ஒட்டியிருக்கிறதா, இல்லை நான்தான் காசு கொடுக்க வேண்டுமா?" என்றார். இப்படியே இருபது நிமிடம் போயிற்று. 22 பக்கத்தில் இரண்டு பக்கம்கூடப் பேசவில்லை.

யானையின் பின்னங்கால் படுதாவில் சிக்கி, வள்ளி பயப்பட வேண்டிய நேரத்தில் சிரித்துவிட்டார். திருமணம் முடியும்போது ஐந்தே கால். பால்காரர் சைக்கிளோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பத்து மணிக்கு அஞ்சலகத்தைத் திறந்தேன். காதோரம் ரோஸ் பவுடர் போகவில்லை. முதலில் வந்த பாட்டி முதியோர் பென்ஷனைக் கேட்காமல், "வள்ளிக்குக் கடிதம் கொடுத்துவிட்டாயா?" என்றார்.

தேனிக்காரருக்கு ஒரு தகவல்: எனக்கும் பெயர் வைத்துவிட்டார்கள்.