அறுந்தது வார் இல்லை

ஹட்டன்

என் கெமரா ஸெனிட்-ஈ. சோவியத் காலத்துச் சரக்கு. 1965இல் செய்யத் தொடங்கி 30 இலட்சத்துக்கும் மேல் செய்து தள்ளியிருக்கிறார்கள். லென்ஸோடு சேர்த்தால் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. இவ்வளவு பாரமான சாமானில் வார் மாட்ட இரண்டு பக்கமும் வளையம் கிடையாது. தோல் உறைக்குள் கெமராவை வைத்து, அடியில் ஸ்டாண்ட் பூட்டும் துளையில் உறையின் திருகாணியை முடுக்கி, உறையின் வாரைத்தான் கழுத்தில் போட வேண்டும். உறை போனால் கெமராவைக் குழந்தை மாதிரி கையில் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதுதான்.

என் உறை போனது இதல்கஸ்ஹின்ன ஸ்டேஷனில். இரண்டு பக்கமும் பள்ளத்தாக்கு தெரியும் இடம், தெரியும்தானே. ரயில் நின்றதும் அவசரமாக இறங்கினேன், தோளில் இருந்த பாரம் சட்டென்று காணாமல் போனது. கெமரா என் காலில் விழுந்ததால் கெமரா தப்பியது. பெருவிரல் நகம் தப்பவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால் வார் நன்றாக இருக்கிறது, தோலும் பரவாயில்லை. வளையத்தை உறையோடு பிடித்திருந்த தையல் நூல் மட்டும் மக்கிப் போயிருந்தது. கிள்ளினால் தூளாக வந்தது. நம் ஊர் மூடுபனியில் பருத்தி நூல் எத்தனை வருடம்தான் தாங்கும்?

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சப்பாத்து தைக்கிற ஐயாவிடம் கொண்டுபோனேன். "மெஷின்ல அடிச்சா அழகா இருக்கும் தம்பி. பாரம் தூக்கணும்னா கையாலதான் தைக்கணும்" என்றார். தைத்துத் தரவில்லை, தைக்கச் சொல்லித் தந்தார். குத்தூசியால் 4 மில்லிமீட்டருக்கு ஒரு துளை. மெழுகு தேய்த்த நைலோன் நூல் ஒன்று, அதன் இரண்டு முனையிலும் ஊசி. ஒரே துளைக்குள் இந்தப் பக்கமிருந்து ஒன்று, அந்தப் பக்கமிருந்து ஒன்று போய், இரண்டையும் சேர்த்து இழுத்தால் "கிர்ர்" என்று இறுகும். மெஷின் தையலில் ஓரிடத்தில் நூல் விட்டால் வரிசையாகப் பிரிந்துவிடும். இதில் ஒரு பக்க நூல் அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். முதல் பத்து துளைக்கே ஒரு மணி நேரம் போனது, விரலிலும் மூன்று துளை.

உறை முழுதாகச் செய்யவில்லை. கெமராவின் அடியையும் பக்கத்தையும் மட்டும் பிடிக்கிற பாதி உறை. வாருக்கு லொறி யார்டில் கிடந்த சீட் பெல்ட் பட்டி. வெட்டிய முனையை நெருப்பில் காட்டி உருக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் நார் பிரியும். அரை நாள் நடந்ததும் கழுத்தை வெட்டியது. அம்மா பார்த்துவிட்டுச் சிரித்தார். கொழுந்துக் கூடைக் கயிற்றைத் தலையில் போடும்போது அதற்குக் கீழே துணியை மடித்து வைப்பார்கள், அதைக்கூடப் பார்க்காமலா வளர்ந்தாய் என்றார். அவருடைய பழைய, தடித்த படங்குத் துணியில் ஒரு துண்டைத் தந்தார். நான்காக மடித்து, கழுத்தில் படும் இடத்தில் நாலு விரல் அகலத்துக்குத் தைத்தேன். இப்போது சுகம்.

ஒரு குறை மட்டும் இருக்கிறது. உறையின் பழைய திருகாணி தொலைந்துவிட்டதால் வேறு ஒன்று போட்டேன். நடக்க நடக்க அது தானாகவே கழன்று வருகிறது. போன மாதம் கெமரா தேயிலைச் செடிமேல் போய் உட்கார்ந்தது. யாருக்காவது காரணம் தெரியுமா?

தலவாக்கலை

தம்பி, நான் தேயிலை பெக்டரியில் பிட்டர். கழன்றதற்குக் காரணம் அநேகமாக நீளம். அந்தத் துளை ஆழமில்லை. தோலின் தடிப்பு போக, திருகாணியின் நூல் (அதைச் சுற்றி ஓடும் புரியைத்தான் நாங்கள் நூல் என்போம்) 5 மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே போகக்கூடாது. உங்கள் திருகாணி அடியில் முட்டி நின்றிருக்கும், கைக்கு இறுகின மாதிரி தெரிந்திருக்கும், ஆனால் தோலைப் பிடித்திருக்காது. பலமாக முடுக்காதது நல்லது, முடுக்கியிருந்தால் கெமராவின் அடியே பிய்ந்திருக்கும்.

எனக்கும் இப்படி ஒன்று நடந்தது, வேறு விதமாக. அவசரத்துக்கு 6 மில்லிமீட்டர் போல்ட் ஒன்றை ஒரு பென்டக்ஸ் கே1000இல் போட்டேன். ஒரு சுற்று போய் சிக்கிக்கொண்டது. கெமரா துளை கால் அங்குலம், அங்குலத்துக்கு 20 நூல். மில்லிமீட்டர் போல்ட்டின் நூல் அதைவிட நெருக்கம். இரண்டும் ஒத்துப்போகாது. எடுப்பதற்குள் துளையின் முதல் நூல் நசுங்கிவிட்டது, கெமராக்காரர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

வேடிக்கை என்னவென்றால், சரியான போல்ட் எங்கள் பட்டறைப் பெட்டியிலேயே டசின் கணக்கில் கிடந்தது. வெள்ளைக்காரன் காலத்து மெஷின்களுக்கெல்லாம் விட்வர்த் என்கிற பழைய ஆங்கில அளவு நூல்தானே. கால் அங்குல விட்வர்த்தும் 20 நூல்தான். நூலின் கோணம் 55 பாகை, இப்போதைய கெமராத் திருகாணியில் 60. இந்தச் சின்ன வித்தியாசத்தை இவ்வளவு குட்டையான போல்ட் பொறுத்துக்கொள்ளும். ஆனால் ஸெனிட்-ஈயில் ஆரம்பத்தில் வந்தவற்றுக்கு 3/8 அங்குலத் துளை. அளந்து பார்த்துவிட்டுப் போடுங்கள். சைக்கிள் டியூபில் ஒரு வட்டம் வெட்டி வாஷராக வையுங்கள், கழலாது.

பண்டாரவளை

என்னுடையது யாஷிகா மேட் 124ஜி, அப்பாவின் கெமரா. இதில் வார் மாட்ட இடம் இருக்கிறது, எனக்கு வந்த வினை வேறு.

அப்பா போன பிறகு தோல் உறையோடு அலுமாரியில் வைத்தேன். பத்திரமாக இருக்கிறது என்று நினைத்தேன். இரண்டு மழைக்காலம் கழித்துத் திறந்தால், உறையின் பித்தளை ஆணிகளைச் சுற்றிப் பச்சைப் பசை, லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சணம். தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளுமாம். உறை தூக்கிக்கொண்டு போவதற்கு. அதற்குள்ளேயே தூங்க வைக்கக்கூடாது. இதை யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

பிறகு பழைய பருத்திப் போர்வையில் பை ஒன்று தைத்தேன். கழுவலாம், வெயிலில் காயப்போடலாம். மழைக்கு மேலே பிளாஸ்டிக் உறை, வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுவேன். கெமரா இருப்பது மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியில், கூடவே சப்பாத்துப் பெட்டிகளில் சேர்த்த சிலிக்கா ஜெல். மணிகளைத் துணிப்பைக்கு மாற்றி வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை சட்டியில் கொட்டி, சின்ன நெருப்பில் வறுத்துத் திரும்பப் போடுவேன். சமையலுக்கு எடுக்காத சட்டியில்தான்.

வாரின் நீளமும் முக்கியம். இது மேலிருந்து குனிந்து பார்க்கிற கெமரா. வாரைத் தொப்புள் வரைக்கும் வருகிற மாதிரி வெட்டினேன். கெமராவைக் கீழ்நோக்கி அழுத்தினால் வார் கழுத்தில் விறைத்து நிற்கும், கை ஆடாது. ஹப்புத்தளைப் பனியில் 1/30 வினாடியில் எடுத்த படம்கூடக் கலங்கவில்லை.

தம்பி, உங்கள் படங்குத் துண்டை நனைந்தபடி கெமராவோடு மூடி வைக்காதீர்கள்.

ஹட்டன்

நன்றி அண்ணே, நன்றி அக்கா. இப்போதுதான் கழற்றி அளந்தேன். கால் அங்குலத் துளைதான். தோல் போக 7 மில்லிமீட்டர் நூல் நீட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே கீறல் எதுவும் தெரியவில்லை, ஷட்டரும் வேலை செய்கிறது. டியூப் வாஷர் வெட்டியாயிற்று. திருகாணியைத் தேய்த்துக் குட்டையாக்கப் பக்கத்து வீட்டில் அரம் கேட்டிருக்கிறேன். படங்கு கொடியில் காய்கிறது.