புதுப்பிப்பு: தேக்காவில் நின்றால் ஃபேரர் பார்க் காட்டிய செயலி

சிங்கப்பூரில் பக்கத்துப் பேருந்து நிறுத்தங்களைக் காட்டும் என் முதல் ஆண்ட்ராய்டு செயலி, என் கைப்பேசியில் ஒழுங்காக ஓடுகிறது, தங்கச்சியின் கைப்பேசியில் மட்டும் இடம் தள்ளிப்போகிறது, ஏன் என்று கேட்டிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது. பதில் போட்டவர்களுக்கு நன்றி.

அனுமதி கேட்டபோது அவள் தோராயமான இடத்தை மட்டும் கொடுத்திருக்கிறாள். ஆண்ட்ராய்டு 12 முதல் இந்தத் தேர்வு பயனர் கையில். அப்போது செயலிக்குத் தெரிவது சுமார் 3 சதுர கிலோமீட்டர் வட்டாரம்தான். வானிலைக்குச் சரி, நிறுத்தம் தேட உதவாது. ஐபோனிலும் ஐஓஎஸ் 14 முதல் இதே கதை. இப்போது துல்லிய இடம் கிடைக்காவிட்டால், நிறுத்தத்தின் ஐந்திலக்க எண்ணைத் தட்டச்சு செய்யச் சொல்கிறேன். மறுத்தவரைத் திரும்பத் திரும்பக் கேட்பதில்லை.

தூரக் கணக்குக்கு, பூமியின் உருண்டை வடிவத்தையும் சேர்த்துக் கணக்கிடும் ஹாவர்சைன் சூத்திரம் வேண்டும் என்றார் ஒருவர். எனக்கு அது தேவைப்படவில்லை. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை டிகிரிக்குள் இருப்பதால், இங்கே ஒரு டிகிரி தீர்க்கரேகையும் ஒரு டிகிரி அட்சரேகையும் ஏறக்குறைய ஒரே நீளம், சுமார் 111 கிலோமீட்டர். பள்ளியில் படித்த பித்தாகரஸே போதும், அருகிலுள்ள நிறுத்தங்களை வரிசைப்படுத்த. லண்டனில் தீர்க்கரேகை டிகிரியின் நீளம் குறைந்துவிடுவதால், அங்கே இதே கணக்கைக் கொண்டுபோனால் உதைக்கும்!

அப்புறம், செயலி எழுதுபவர்களுக்குப் போக்குவரத்துத் தரவு தரும் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் டேட்டாமால் சேவை, செயலி ஒருமுறை கேட்டால் 500 நிறுத்தங்கள்தான் தரும். மீதிக்கு, எத்தனை நிறுத்தங்களைத் தாண்ட வேண்டும் என்று சொல்லும் ஸ்கிப் எண்ணைக் கூட்டிக்கொண்டே கேட்க வேண்டும். பட்டியலை ஒருமுறை இறக்கிக் கைப்பேசியிலேயே வைத்துவிட்டேன். பேருந்து வரும் நேரம் காட்டுவது அடுத்த வேலை.