தபால் ஆபீஸ் ரசீது இருந்தால் செய்தி சேனல் ஆகிவிடுமா?

தேவகோட்டை மைக்:
நேற்று காரைக்குடியில் ஒரு கல்யாண வீடு. பந்தியில் எனக்குப் பக்கத்து இலை உள்ளூர் கேபிள் சேனல்காரருடையது. எல்லோருக்கும் கேட்கும்படி சொல்கிறார்: "நாங்கள் அரசு அங்கீகாரம் பெற்ற செய்தி ஊடகம். தலைமைத் தபால் நிலையத்தில் 500 ரூபாய் கட்டிப் பதிந்தவர்கள். யூடியூப்காரன் என்பவன் செல்போன் வைத்திருக்கிற ஆள், அவ்வளவுதான்." யூடியூப் சேனல் நடத்துகிற எனக்கு வெள்ளைப் பணியாரம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. 500 ரூபாய் ரசீதுக்கு இவ்வளவு மிடுக்கா?

பழைய முத்திரை:
தம்பி, பந்தியில் சொன்னதாலேயே அது பொய்யாகிவிடாது. தபால் துறையில் முப்பத்தொரு வருடம் இருந்தவன் நான். 1995-ஆம் வருடத்துக் கேபிள் சட்டப்படி கேபிள் நடத்துகிறவர் தன் பகுதித் தலைமைத் தபால் நிலையத்தில் பதிந்துகொள்ள வேண்டும். வருடத்துக்கு 500. அந்தப் படிவங்களில் நானே முத்திரை குத்தியிருக்கிறேன். உங்களுக்கு யார் குத்தினார்கள்?

தேவகோட்டை மைக்:
அண்ணே, அது ஒயர் இழுப்பதற்கான பதிவு. செய்தி வாசிப்பதற்கு இல்லை. எங்கள் அப்பத்தாவும் தபால் ஆபீசில்தான் பணம் போட்டிருக்கிறது. அதற்காக அப்பத்தா ரிசர்வ் வங்கி ஆகிவிடுமா? கோடிக்கணக்கில் ஏலம் எடுத்த தனியார் எஃப்எம் வானொலியே சொந்தச் செய்தி வாசிக்கக் கூடாது, ஆகாசவாணி செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம் என்பதுதான் விதி. அங்கே கோடிக்கே செய்தி இல்லை, இங்கே 500-க்கு அங்கீகாரமா?

பழைய முத்திரை:
அப்பத்தாவை இழுக்காதீர்கள். வானொலியையும் இழுக்காதீர்கள். பதிவு உண்டா, இல்லையா?

மை படிந்த விரல்:
இரண்டு பேருமே ஒரு பத்திரிகை நடத்திப் பார்த்தவர்கள் இல்லை என்று தெரிகிறது. நான் மாத இதழ் நடத்தினேன். தலைப்புக் கேட்டு எழுதினால் அது வேறொருவரிடம் இருக்கிறது என்று பதில் வரும். மூன்றாவது பெயர் கிடைத்தபோது எனக்குப் பாதி ஆசை போயிருந்தது. அப்புறம் மாஜிஸ்திரேட் முன்னால் உறுதிமொழி. எல்லாம் 1867-இல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம். 2024 மார்ச்சில்தான் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்து எல்லாம் ஆன்லைன் ஆனது. ஆனால் ஒன்று. ஆசிரியர் யார், அச்சிட்டவர் யார், வெளியிட்டவர் யார் என்று ஒவ்வொரு இதழிலும் அடிவரி போட்டாக வேண்டும். அவதூறு எழுதினால் அந்த வரிதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். யூடியூபில் அடிவரி எங்கே? "பெல் பட்டனை அமுக்குங்கள்" மட்டும்தான் இருக்கிறது.

தேவகோட்டை மைக்:
எங்களுக்கும் கயிறு உண்டு அண்ணே. 2021-ஆம் வருடத்துத் தகவல் தொழில்நுட்ப விதிகளைப் படியுங்கள். புகார் அலுவலர் வைக்க வேண்டும், 15 நாளில் பதில் சொல்ல வேண்டும். அதில் நன்னடத்தை விதியைக் கட்டாயமாக்கிய பகுதியை மும்பை உயர் நீதிமன்றம் அந்த வருடமே நிறுத்தி வைத்தது, அது வேறு கதை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் சேனலையே முடக்கலாம், முடக்கியும் இருக்கிறார்கள்.

பழைய முத்திரை:
கேபிளுக்கு மட்டும் கயிறு இல்லையா? எதைக் காட்டக் கூடாது என்று சொல்லும் நிகழ்ச்சி விதி இருக்கிறது. மீறினால் கலெக்டர் ஒளிபரப்பை நிறுத்தலாம். பதிவில்லாமல் நடத்தினால் கருவிகளைப் பறிமுதல் செய்யலாம். ஒயர் எந்தத் தெருவில் போகிறது என்று தெரியும், போய் வெட்டிவிடலாம். உன் சேனலை எந்தக் கம்பத்தில் ஏறி வெட்டுவது? அதனால்தான் சொல்கிறேன், ரசீது பெரிய விஷயம்.

கோட்டையூர் ஆச்சி:
500 ரூபாய்க் கதையை நானும் சொல்கிறேன். 1910-ஆம் வருடத்துப் பத்திரிகைச் சட்டத்தில் புதிதாக அச்சகம் வைப்பவரிடம் 500 முதல் 2000 வரை ஜாமீன் கேட்டார்கள். அரசாங்கத்துக்கு ஆகாததை அச்சடித்தால் பணம் போச்சு. கட்டியவர்கள் எல்லாம் அங்கீகாரம் பெற்றவர்கள் என்று அந்த வெள்ளைக்காரனே சொன்னதில்லை. எங்கள் ஊர் ரோஜா முத்தையா பழைய பத்திரிகைகளைத் தேடித்தேடிச் சேர்த்தாரே, ரசீது பார்த்தா சேர்த்தார்?

கண்டனூர்க்காரன்:
கோட்டையூர்ப் பெருமை வந்துவிட்டதா, சரி. காரைக்குடியில் சொ. முருகப்பா 'குமரன்' பத்திரிகை நடத்தியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரசீதை விடுங்கள், 'பிரஸ்' ஸ்டிக்கருக்கு வாருங்கள். 2022-இல் தரையில் பதிக்கும் பூக்கல் விற்கிற என் கடைக்கு ஒரு வண்டி வந்தது. முன்னால் ஸ்டிக்கர், பின்னால் ஸ்டிக்கர். "ஆத்தங்குடிக் கல் பற்றிப் பேட்டி போடுகிறோம், ஐயாயிரம் கொடுங்கள்" என்றார்கள். கொடுக்கவில்லை. அடுத்த வாரம் "போலிக் கல் விற்கும் கடை" என்று வீடியோ வந்தது.

தேவகோட்டை மைக்:
யாரைச் சொல்கிறீர்கள்?

கண்டனூர்க்காரன்:
பெயர் சொல்ல மாட்டேன். தேவகோட்டைப் பக்கத்து வண்டி.

தேவகோட்டை மைக்:
தேவகோட்டையில் நான் ஒருவன்தான் வண்டி வைத்திருக்கிறேனா? கல் ஆத்தங்குடியில் செய்ததா, அதை முதலில் சொல்லுங்கள்.

கண்டனூர்க்காரன்:
பார்த்தீர்களா, யாரைச் சொன்னேன் என்று அவருக்கே தெரிந்துவிட்டது.

மை படிந்த விரல்:
அந்த ஸ்டிக்கரை, பத்திரிகைகள் மீதான புகாரை விசாரிக்கிற பிரஸ் கவுன்சில் தருவதில்லை. எந்தக் கடையிலும் கிடைக்கும். கவுன்சிலுக்கே எச்சரிக்கவும் கண்டிக்கவும்தான் அதிகாரம், அபராதம்கூடப் போட முடியாது. டிவி, யூடியூப் அதன் எல்லையிலேயே இல்லை.

பழைய முத்திரை:
ஸ்டிக்கர், கல், கவுன்சில் எல்லாம் வந்துவிட்டது. என் கேள்விக்குப் பதில் வரவில்லை. பதிவு உண்டா, இல்லையா?

தேவகோட்டை மைக்:
கிடையாது அண்ணே, இப்போது தபால் ஆபீசிலேயே கிடையாது. 2025 ஜனவரியில் விதியை மாற்றிவிட்டார்கள். கேபிள்காரர் ஆன்லைனில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் பதிய வேண்டும். ஐந்து வருடத்துக்கு 5000 ரூபாய். உங்கள் முத்திரைக்கு வேலை போய்விட்டது.

பழைய முத்திரை:
எனக்கே பாடமா? 500 வாங்கியபோதே அங்கீகாரம் என்றால், 5000 வாங்கும்போது பத்து மடங்கு அங்கீகாரம்.

கோட்டையூர் ஆச்சி:
வருடம் 500 என்றால் ஐந்து வருடத்துக்கு 2500. அப்படியானால் இரண்டு மடங்குதான். செட்டிநாட்டில் இருந்துகொண்டு இந்தக் கணக்குமா தப்பும்?

பழைய முத்திரை:
கணக்கு எனக்கும் தெரியும் ஆச்சி. நான் சொன்னது தொகையை இல்லை, மதிப்பை. தேவகோட்டைத் தம்பி, உன் சேனலுக்குப் பதிவு எண் இருந்தால் இங்கே போடு. பார்க்கலாம்.

தேவகோட்டை மைக்:
அந்தப் பந்திக்காரருடையதை முதலில் போடச் சொல்லுங்கள்.

கண்டனூர்க்காரன்:
வண்டி எண் என்னிடம் இருக்கிறது, அதைப் போடட்டுமா?